மறுக்கப்பட்ட உரிமமும் மறைந்துபோகும் எச்சரிக்கையும்

துப்பாக்கி உரிமம் கோருவோர் பூர்த்தி செய்ய வேண்டிய விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இதற்கு முன் உரிமம் கோரி விண்ணப்பித்தது உண்டா, உண்டென்றால் எப்போது, எந்த அதிகாரியிடம், அதன் முடிவு என்ன என்பதே அந்தக் கேள்வி. ஒருவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பதற்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு இருக்க முடியாது. ஆனால், அதற்கான பதிலை அரசு யாரிடமிருந்து எதிர்பார்க்கிறது? தகுதியற்றவர் என்று ஏற்கெனவே ஓர் அதிகாரியால் நிராகரிக்கப்பட்ட அதே நபரிடமிருந்துதான். அவர் உண்மையைச் சொன்னால் அரசுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தெரியாமலே போகவும் கூடும்.

பொய்யான தகவல் தந்தால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையும் அதே படிவத்தில் இடம்பெற்றிருக்கிறது. பகை தீர்த்துக்கொள்ளத் துப்பாக்கி தேடும் ஒருவரை அச்சிட்ட ஒரு வரி தடுத்துவிடும் என்று நம்புவதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது. உரிமம் மறுக்கப்படும்போது அந்தச் செய்தி உரியவர்களுக்கு உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற எளிய கடமையை நமது ஆயுதச் சட்டத்தில் தெளிவாக எழுதி வைக்காததன் விளைவு இது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விண்ணப்பம் வந்தவுடன், உரிமம் வழங்கும் அதிகாரி அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும் என்கிறது 13-ஆவது பிரிவு. குறிப்பிட்ட காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமலே முடிவெடுக்கவும் அந்த அதிகாரிக்கு அதே பிரிவு இடமளிக்கிறது. எந்தக் காரணங்களுக்காக உரிமத்தை மறுக்கலாம் என்பதை 14-ஆவது பிரிவு விவரிக்கிறது. சட்டத்தால் தடை செய்யப்பட்டவர், மனநலம் குன்றியவர், வேறு எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர் என்று கருதப்படுபவர் ஆகியோருக்கு உரிமம் கிடையாது. பொது அமைதி, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகியவற்றின் பொருட்டும் மறுக்கலாம். மறுப்பதற்கான காரணங்களை எழுத்து மூலம் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால், பொது நலனுக்கு ஊறு நேராத பட்சத்தில், அவற்றைச் சுருக்கமாகத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பிரிவு அத்துடன் முடிந்துவிடுகிறது. காரணத்தை அறியும் உரிமை விண்ணப்பித்தவருக்கு உண்டு. அவருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதை அவர் வசிக்கும் பகுதியின் காவல் நிலையத்துக்கோ, அண்டை மாவட்டத்தின் ஆட்சியருக்கோ, அவரால் ஆபத்து நேரக்கூடியவர்களுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. உத்தரவின் நகலைக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி வைக்கும் வழக்கம் சில அலுவலகங்களில் இருக்கலாம். ஆனால், வழக்கம் வேறு, சட்டம் விதிக்கும் கடமை வேறு. அதிகாரி மாறினால் வழக்கமும் மாறும்.

இதில் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் அரசின் கண்காணிப்பிலேயே வாழ்கிறார். அவருக்குத் தனி அடையாள எண் உண்டு. அவருடைய பெயர் தேசியத் தகவல் தொகுப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால், உரிமதாரர்களின் பட்டியல் பரிசீலிக்கப்பட்டு, தேவைப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தகுதியுள்ளவர் என்று அரசே சான்றளித்தவருக்கு இத்தனை கட்டுப்பாடுகள். தகுதியற்றவர் என்று அரசே முடிவு கட்டியவரோ, மறுப்பு உத்தரவைப் பெற்றுக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியேறிய நிமிடத்திலிருந்து யாருடைய கவனத்திலும் இல்லாமல் போகக்கூடும்.

துப்பாக்கி வேண்டும் என்று உறுதியாக நினைப்பவர் மறுப்பு உத்தரவுடன் ஓய்ந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேறு மாவட்டத்தில் அல்லது வேறு மாநிலத்தில் ஒரு முகவரியைக் காட்டி மீண்டும் விண்ணப்பிப்பது. இரண்டாவது, தன் வீட்டிலுள்ள இன்னொருவர் பெயரில் உரிமம் பெறுவது. மூன்றாவது, கள்ளச் சந்தையில் வாங்குவது.

முதல் வழி எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை ஜம்மு-காஷ்மீர் உரிம ஊழல் நாட்டுக்கு உணர்த்தியது. 2017-இல் ராஜஸ்தானின் பயங்கரவாத எதிர்ப்புப் படை தோண்டத் தொடங்கிய அந்த விவகாரம் பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் (சிபிஐ) ஒப்படைக்கப்பட்டது. 2012 முதல் 2016 வரையிலான காலத்தில், அப்போது மாநிலமாக இருந்த ஜம்மு-காஷ்மீரில், தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான ஆயுத உரிமங்கள் வழங்கப்பட்டதாக சிபிஐ குற்றம்சாட்டியது. 2021 ஜூலையில் சுமார் 40 இடங்களில் சோதனை நடத்தப்பட்டது. மூத்த அதிகாரிகளின் வீடுகளும் அவற்றில் அடக்கம். குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால், வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும் ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. சொந்த ஊரில் கிடைக்காத உரிமத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு மாவட்டத்தில் பெற்றுவிடக் கூடிய நிலைமை இந்த நாட்டில் இருந்தது.

தலைநகரையே எடுத்துக்கொள்வோம். தில்லியில் உரிமம் வழங்கும் பொறுப்பு மாநகரக் காவல் துறையிடமே இருக்கிறது. எனவே, இங்கு உரிமம் மறுக்கப்பட்டால் காவல் துறைக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால், யமுனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் உத்தரப் பிரதேசம். மறுபுறம் ஹரியாணா. தில்லியில் வசிப்பவர் பலருக்கு காஜியாபாதிலும் குருகிராமிலும் வீடும் தொழிலும் உண்டு. தில்லி மறுத்ததை அங்குள்ள அதிகாரி அறிந்துகொள்வது விண்ணப்பித்தவரின் நேர்மையையும் காவல் நிலைய அறிக்கையின் தரத்தையும் பொருத்ததாகவே இருக்கிறது. நாட்டிலேயே மிக அதிகமான உரிமங்கள் உத்தரப் பிரதேசத்தில்தான் உள்ளன என்பதையும் மறந்துவிடக் கூடாது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் ஏறத்தாழ 12.8 லட்சம் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இருந்தன.

மூன்றாவது வழி இன்னும் ஆபத்தானது. இந்தியாவில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களால் செய்யப்படுபவை. பிகாரின் முங்கேர் பகுதியில் வீட்டுக்குள்ளேயே நாட்டுத் துப்பாக்கி தயாரிக்கும் தொழில் இன்றும் காவல் துறைக்குத் தலைவலியாக உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் அங்கு அமைத்த ஆயுதச் சாலையின் தொடர்ச்சியாக வளர்ந்த கைத்திறன், இப்போது கூலிப்படையினருக்கும் பயன்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் உரிமமில்லாத துப்பாக்கிகள் பெருகியிருப்பது குறித்து 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமை அல்ல என்பதையும் அப்போது நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

உரிமமில்லாத துப்பாக்கிகள்தான் பிரச்னை என்றால், உரிம மறுப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் தொடர்பற்றவை அல்ல. கள்ளத் துப்பாக்கி வாங்குபவர் யார் என்பது காவல் துறைக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவரோ, தனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று தானே கையெழுத்திட்டு, புகைப்படத்துடனும் முகவரியுடனும் அரசிடம் சொல்லியிருக்கிறார். எந்தத் துப்பறிவாளரும் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லாத தகவல் அது. காவல் துறை அதைப் பயன்படுத்தும் முறையான ஏற்பாடு இல்லை என்றால், அது கோப்புக்குள் தூங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

துப்பாக்கிக் கலாசாரத்துக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவே இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. அங்கு உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்க வருவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் தேசிய முறை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் தகுதியற்றவர்கள் பெரும் எண்ணிக்கையில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதன்பின் என்ன நடந்தது என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018-இல் ஆராய்ந்தது. 2017 நிதியாண்டில் மட்டும் சுமார் 1,12,000 பேருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர்களில் சுமார் 12,700 பேரைப் பற்றிய தகவல் மட்டுமே மேல் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர்ந்தது வெறும் 12 பேர் மீது.

இந்த அலட்சியத்துக்கு உயிர்கள் விலையாயின. 2019 பிப்ரவரி 15-ஆம் தேதி இல்லினாய் மாநிலத்தின் அரோரா நகரில், வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி ஒருவர் தனது சக ஊழியர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்பது 2014-ஆம் ஆண்டே அரசுக்குத் தெரியும். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியை அவர் கோரியபோது கைரேகை பரிசோதிக்கப்பட்டது. வேறொரு மாநிலத்தில் கடுமையான தாக்குதல் வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அனுமதி மறுக்கப்பட்டது, ஏற்கெனவே தரப்பட்டிருந்த அடையாள அட்டையும் ரத்தானது. ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் போனது. அவரிடமிருந்த துப்பாக்கி மட்டும் கடைசிவரை பறிமுதல் செய்யப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா பகுதியில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவரும் 2014-இல் பின்னணிச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவரே. பின்னர் தனிநபர் ஒருவரிடம் எந்தச் சோதனையும் இல்லாமல் துப்பாக்கி வாங்கினார்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான், இரு பெரும் கட்சிகளின் உறுப்பினர்களும் இணைந்து முன்வைத்த ஒரு மசோதா 2022 மார்ச் மாதம் சட்டமானது. அதன்படி, துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர் என்று ஒருவர் நிராகரிக்கப்பட்டால், அவர் வாங்க முயன்ற இடத்தின் காவல் துறைக்கும், வசிப்பிடம் வேறாக இருந்தால் அப்பகுதியின் காவல் துறைக்கும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அச்சட்டத்தில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விதியும் இருக்கிறது. நிராகரித்தது தவறு என்று பின்னர் தெரியவந்தால், அந்தத் திருத்தத்தையும் அதே காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2017-லேயே இன்னும் ஒரு படி மேலே சென்றது. நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெற்றுள்ள ஒருவர், தன்னைத் துன்புறுத்தியவர் துப்பாக்கி வாங்க முயன்று நிராகரிக்கப்பட்டால், அதை அறிந்துகொள்ள அம்மாநிலச் சட்டம் வழி செய்தது.

நமது நாட்டில் இதன் தேவை அதிகமே தவிரக் குறைவல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு பெற்ற பெண்ணின் கணவர் உரிமம் கேட்டு மறுக்கப்பட்டால், அந்தச் செய்தியை முதலில் அறிய வேண்டியவர் அந்தப் பெண்ணும் அவருக்கான பாதுகாப்பு அதிகாரியும் அல்லவா? சாட்சிகளின் நிலையும் இதுவே. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், சாட்சிக்கு உள்ள அச்சுறுத்தலை மதிப்பிடச் சொல்கிறது. நிலத் தகராறு கொலை வழக்கில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் துப்பாக்கி உரிமம் கேட்டார் என்பது தெரியாமல் செய்யப்படும் மதிப்பீட்டுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இந்த யோசனையை எதிர்ப்பவர்களின் வாதங்களைப் புறந்தள்ள முடியாது. அவற்றில் மிக முக்கியமானது, உரிமம் மறுக்கப்பட்டவர் எல்லோரும் ஆபத்தானவர்கள் அல்லர் என்பது. முற்றிலும் உண்மை. உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதை நிரூபிக்கவில்லை என்பதற்காக மட்டுமே பலருக்கு உரிமம் மறுக்கப்படுகிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்ட விவசாயியையும், வங்கிப் பணத்தைக் காக்கக் கேட்ட முன்னாள் ராணுவ வீரரையும், கொலை மிரட்டல் வழக்கில் சிக்கியவருடன் ஒரே பட்டியலில் சேர்ப்பது அநீதி.

இரண்டாவது வாதம், அதிகாரிகளின் விருப்பு வெறுப்பு பற்றியது. உள்ளூர் அரசியலும் சாதிப் பகையும் காவல் நிலைய அறிக்கைகளில் நுழைவதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டுமே உரிமத்தை ரத்து செய்யப் போதிய காரணம் ஆகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. தவறான மறுப்பு ஒன்று நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டால், அது நிரந்தரக் களங்கமாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கிவிட்டு ஐரோப்பியர்களுக்கு விலக்களித்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை அனுபவித்த நாடு இது. உரிமம் வழங்கும் அதிகாரத்தை ஐயத்துடன் பார்ப்பதற்கு நமக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. போதாக்குறைக்கு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

இந்த வாதங்கள் எல்லாம் தகவலை எப்படித் தர வேண்டும் என்பதைத்தான் நமக்குக் கற்பிக்கின்றன. தகவலே தரக் கூடாது என்பதற்கு அவை காரணம் ஆகா. மறுப்புக்கான காரணங்களைச் சட்டமே வகைப்படுத்தியிருக்கிறது. தடை செய்யப்பட்டவர், மனநலத்தாலோ வேறு காரணத்தாலோ தகுதியற்றவர், பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டு மறுக்கப்பட்டவர் என்ற வகைகளில் வருவோரைப் பற்றி மட்டுமே காவல் துறைக்குத் தகவல் தரப்பட வேண்டும். தேவையை நிரூபிக்கவில்லை என்பதற்காக மறுக்கப்பட்டவர்களின் விவரம், உரிமம் வழங்கும் அதிகாரிகளின் பார்வைக்கு மட்டும் இருந்தால் போதும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாத உத்தரவு எதுவும் பட்டியலில் ஏறக் கூடாது. அதிகாரி காரணம் எழுதும் கட்டாயம் கூடும்போது, மனம்போன போக்கில் மறுக்கும் பழக்கமும் குறையும். அந்த வகையில் இது விண்ணப்பித்தவருக்கும் ஒரு பாதுகாப்பே.

தகவல் தரப்பட்டிருப்பது விண்ணப்பித்தவருக்குத் தெரிய வேண்டும். 18-ஆவது பிரிவின் கீழ் அவர் மேல்முறையீடு செய்து வென்றால், முன்னர் அனுப்பிய தகவல் அதே வேகத்தில் திரும்பப் பெறப்பட வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதிவு தானாகவே நீக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தகவல் கைது செய்வதற்கான ஆணை அல்ல என்பது விதிகளிலேயே தெளிவுபடுத்தப்பட வேண்டும். வீட்டில் வேறு யாருடைய பெயரிலாவது துப்பாக்கி இருக்கிறதா, அவரால் அச்சுறுத்தப்படுவோர் யாரேனும் உண்டா, நிலுவையில் உள்ள வழக்குகளில் சாட்சிகள் யார் என்பதைக் காவல் நிலைய ஆய்வாளர் விசாரித்து வைத்துக்கொள்வதே இதன் நோக்கம்.

இதற்குப் பெரும் செலவு ஏதும் தேவையில்லை. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தகவல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. நாட்டின் காவல் நிலையங்களை இணைக்கும் குற்றத் தகவல் வலைப்பின்னல் திட்டம் 2009-இல் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கும் வந்துவிட்டது. வழங்கிய உரிமத்தைப் பதிவு செய்வதைப் போலவே, மறுத்த உரிமத்தையும் அதன் காரணத்துடன் பதிவு செய்து, அந்தப் பதிவு உரிய காவல் நிலையத்தைச் சென்றடையச் செய்ய வேண்டியது மட்டுமே மீதமுள்ள பணி. அதன்பின், முந்தைய விண்ணப்பத்தின் முடிவு என்ன என்ற கேள்விக்கான பதிலை விண்ணப்பித்தவரின் வாய்ச்சொல்லில் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

இந்த விஷயத்தில் மத்திய அரசு மாநிலங்களைக் கைகாட்டித் தப்பிக்கவும் முடியாது. சட்டம்-ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஆயுதங்கள் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆயுதச் சட்டத்தின் கீழ் விதிகளை வகுக்கும் அதிகாரமும் மத்திய அரசிடமே உள்ளது. 1962-ஆம் ஆண்டின் விதிகளை மாற்றி 2016-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சகத்துக்கு, அதில் மேலும் சில விதிகளைச் சேர்ப்பது கடினமான காரியம் அல்ல. சட்டத் திருத்தம் தேவை என்று கருதினால், நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் அதை எதிர்ப்பதற்கு முகாந்திரம் இல்லை.

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது அரசு தண்டனையைக் கூட்டியது. சட்டவிரோதமாக ஆயுதம் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை என்று ஆக்கியது. வரவேற்க வேண்டிய திருத்தம்தான். ஆனால், தண்டனை என்பது துப்பாக்கி வெடித்த பின்னரோ, பிடிபட்ட பின்னரோ வருவது. வெடிப்பதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கைகள் மிகச் சில. தகுதியற்றவர் ஒருவர் தானாகவே வந்து துப்பாக்கி கேட்பது அவற்றில் ஒன்று.

அந்த விண்ணப்பத்தை மறுத்து உத்தரவிட்டதுடன் தனது கடமை முடிந்துவிட்டதாக ஓர் அதிகாரி கருதலாம். அவருக்கு அப்பால், ஒரு காவல் நிலையமும், ஒரு பெண்ணும், ஒரு சாட்சியும், பக்கத்து மாவட்டத்தின் இன்னோர் அதிகாரியும் இருக்கிறார்கள். அரசுக்குத் தெரிந்த ஆபத்து அவர்களுக்கும் உரிய நேரத்தில் தெரிய வேண்டும். அதற்கான விதியை எழுதுவதற்கு, இன்னொரு அரோரா நம் மண்ணில் நிகழும்வரை உள்துறை அமைச்சகம் காத்திருக்கக் கூடாது.